மூன்றாவது சாவி

ஜூலை 8, திங்கள்

இது ஆபீஸ் நோட்டு. இதன் பின்பக்கங்களில் சொந்த விஷயம் எழுதுவதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதி வைக்கும்படி என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் இன்றைக்கு வாயைத் திறந்து பேச வேண்டிய இடத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். சொல்லாமல் விட்டது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நோட்டைக் கொடுத்தது இந்த ஆபீஸை நடத்தும் ரெஜினா அக்கா. கணினியில் தினமும் என்ன மாற்றுகிறேனோ அதைப் பேனாவால் எழுதி வைக்க வேண்டும் என்றார். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த தினகரன் எதையும் எழுதி வைக்காமல் போய்விட்டார். எந்த வயர் எதற்கு என்று கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது.

எங்கள் ஆலோசனை மையம் திண்டுக்கல்லில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. இரண்டு அறைகள். நூல் மில் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து எழுதுவார்கள். அக்கா பதில் எழுதுவார். யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. ஒருத்தி கனகாம்பரம், ஒருத்தி மைனா, ஒருத்தி வெறும் ‘நான்’. எல்லாம் எங்கள் சொந்த சர்வரில், பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டியில், சேமிக்கப்படுகிறது. வெளிக் கம்பெனி எதையும் நம்பக்கூடாது என்பது அக்காவின் பிடிவாதம். அவரும் பதினொரு வருஷம் மில்லில் இருந்தவர்.

போன வாரம் ஒரு மில்லில், பர்சனல் ஆபீசர் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அவள் எங்களுக்கு மட்டும் எழுதிய ஒரு விஷயத்தை அப்படியே கேட்டிருக்கிறார். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ஒண்ணு அந்தப் புள்ள போன்லருந்து போயிருக்கணும். இல்ல, நம்மகிட்டருந்து போயிருக்கணும். அவுங்க போன நான் பூட்ட முடியாது. நம்மள நீ பூட்டு.”

இப்போது அந்தச் செய்திகளை யார் யார் படிக்க முடியும் என்று கேட்டார். சர்வர் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் என்றேன். அது யார் என்றார். தினகரனின் பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது, இப்போது நான் மட்டும் என்றேன்.

“ஓ, நீயா” என்று கையை வீசினார். “நீ எங்க படிக்கப் போற.”

அங்கேதான் தலையை ஆட்டினேன்.

ஜூலை 9, செவ்வாய்

அக்காவுக்கு என்கிரிப்ஷனை, அதாவது செய்தியைப் பூட்டி அனுப்பும் முறையை, விளக்கினேன். விளக்கும்போது குரல் தடுமாறியது. மூன்று பேருக்கு மேல் இருந்தால் எனக்குப் பேச்சு வராது, ஒருவர் இருந்தாலும் அவ்வளவாக வராது.

ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டும் ஒரு சாவியும். பூட்டைத் திறந்தபடியே எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். சாவி அவரவர் போனை விட்டு வெளியே போகாது. எழுதுகிறவள் அக்காவின் பூட்டைப் போட்டு அனுப்புவாள். அதை அக்காவின் சாவிதான் திறக்கும். நடுவில் இருக்கிற சர்வருக்கு அது வெறும் எழுத்துக் குப்பை. எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கும், அவ்வளவுதான்.

“அப்ப நம்ம பெட்டி எழுதப்படிக்கத் தெரியாத தபால்காரன்” என்றார் அக்கா. என்னைவிட நன்றாகச் சொன்னார். முன்பக்கத்தில் வேலைக் குறிப்பில் இதையே எழுதினேன்.

ஜூலை 10, புதன்

பூட்டுவதற்கு முன்னால், செய்திகள் இப்போது எந்த வடிவத்தில் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் டேட்டாபேஸைத் திறந்தேன். படிப்பதற்காக இல்லை. திறந்ததும் மேலே இருந்த வரி கண்ணில் பட்டுவிட்டது. கண்ணில் பட்ட எழுத்தைப் படிக்காமல் இருப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எழுதியிருந்தது மைனா.

“சைடு மாத்திட்டாருக்கா. அவரு கேபினுக்குப் பக்கத்துச் சைடு. போறப்ப வர்றப்ப கைய நீட்டுறாரு. எதுத்துப் பேசினா நைட் ஷிப்டுல போட்டுருவேங்குறாரு.”

சைடு என்பது நூல் சுற்றும் மெஷினில் ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டிய பக்கம். ‘அவரு’ என்பது சூப்பர்வைசர். வீட்டில் யாரிடமாவது சொன்னாயா என்று ரெஜினா அக்கா கேட்டிருக்கிறார். அதற்கு மைனா:

“அப்பாவுக்கு ஒரு காது கேக்காது. கத்திச் சொல்ற விஷயமா இது? அக்கா ஒருத்தி இருக்கா. டிகிரி படிச்சவ, கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கா. அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்து மில் கேட்டுல நிப்பா.”

அப்பாவுக்கு ஒரு காது கேட்காத பெண்கள் இந்த ஜில்லாவில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

என் அப்பாவுக்கு இடது காது கேட்காது. என் தங்கை நாகஜோதி கரூர் ரோட்டில் ஒரு மில் விடுதியில் இருக்கிறாள். பிளஸ் ஒன்னோடு நின்றுவிட்டாள். அந்த வருஷம் நான் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் ஒரு உரக்கடைக்கு மேலே, ஃபேன் சத்தத்தில், பெண்கள் மையத்தில் வேலை பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனி என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஏசி உண்டா என்று அம்மா கேட்டாள். உண்டு என்றேன். ரெஜினா அக்காவிடம் எனக்குத் தங்கை இருப்பதையே சொன்னதில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

இன்றைக்கு நான்கு தடவை தண்ணீர் பிடிக்கக் கீழே போய்வந்தேன். குடம் நிரம்பித்தான் இருந்தது.

ஜூலை 11, வியாழன்

வேலை நகரவில்லை. காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்குச் சர்வரைச் சரிபார்த்தேன்.

ஜூலை 12, வெள்ளி

பூட்டு வேலை செய்தது. சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். என் கணினியில் எழுதினால் என் கணினியில் திறக்கிறது. டேட்டாபேஸில் பார்த்தால் குப்பை. பிறகு அக்காவின் போனில் திறந்தேன். வெள்ளைத் திரை.

இரண்டு மணி நேரம் தேடினேன். எங்கள் பக்கத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் போடப்படவில்லை. அது இல்லாத பக்கத்தில் பிரவுசர் பூட்டுப்போடவே சம்மதிக்காது. சர்வர் இருக்கும் அதே கணினியில், அதாவது நான் உட்கார்ந்திருக்கும் பெட்டியில், பார்த்தால் மட்டும் விட்டுவிடும். இத்தனை நாளாக நான் என் பெட்டியோடு நானே பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சான்றிதழ் போட்டேன். இப்போது போனிலும் வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கலாம் என்றார் அக்கா. இன்னும் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாமே என்றேன். எதைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டார்.

மூன்று மணிக்குச் சரிபார்த்தேன். மைனா சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள். சாம்பாரில் உப்பே இல்லையாம். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

பழைய செய்திகளைப் பூட்ட முடியாது. அழிக்கத்தான் வேண்டும். இரண்டு வருஷத்துச் செய்திகள். அக்கா என் பின்னால் நின்றுகொண்டு, “போகட்டும், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு” என்றார். ஒவ்வொரு பெயராக அழித்தேன். மைனாவைக் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

மாலையில் பூட்டு எல்லோருக்கும் போய்விட்டது. திறந்தால் போதும், சாவி தானாக அவர்கள் போனில் உருவாகிவிடும். அக்கா எனக்கு மைசூர்பாகு வாங்கிக்கொடுத்தார்.

ஜூலை 16, செவ்வாய்

எல்லாம் பாழ்.

யாருக்கும் எதுவும் திறக்கவில்லை. நேற்று அக்கா அனுப்பிய பதில்கள் இன்றைக்கு அவர்கள் போனில் குப்பையாகத் தெரிகின்றன. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு தடவையும் புது ஆளாக, புதுச் சாவியோடு வருகிறாள். அக்காவின் திரையில் எட்டு மைனா, ஐந்து கனகாம்பரம். என் நிரலில் எங்கே தப்பு என்று வரி வரியாகப் பார்த்தேன். தப்பே இல்லை. இல்லாத தப்பைத் தேடுவது மாதிரிக் கொடுமை வேறில்லை.

மதியம் சண்முகத்தாய் அக்கா வந்தார். விடுதியில் இருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரர். ஆஸ்பத்திரிக்கு என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர். எப்படித் திறக்கிறீர்கள் என்று செய்து காட்டச் சொன்னேன். திறந்தார், எழுதினார், அனுப்பினார். பிறகு, செருப்பை வாசலில் விடுகிற மாதிரி, யோசிக்காமல், பிரவுசர் ஹிஸ்டரி முழுவதையும் அழித்தார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் என்று கேட்டதற்கு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரு அறையில் பன்னிரண்டு பேர், போன் மூன்று. வார்டன் எந்த நேரம் வேண்டுமானாலும் வாங்கிப் பார்ப்பார். இந்த மாத ஆரம்பத்தில், பர்சனல் ஆபீசர் கூப்பிட்டுக் கேட்ட அந்தப் பெண் மாட்டியது அப்படித்தான். அவள் எழுதிவிட்டு அழிக்க மறந்துவிட்டாள். அன்றிலிருந்து அழித்துவிட்டுத்தான் போனை அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

அந்த அழிப்பில் சாவியும் சேர்ந்து போகிறது. புத்தகத்தில் ‘பயனரின் சாதனம்’ என்று படித்திருக்கிறேன். ஒரு சாதனத்துக்குப் பன்னிரண்டு பயனர்கள் இருப்பார்கள் என்று அதில் இல்லை. அதில் இல்லாவிட்டால் என்ன? எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? என் தங்கை பேசுகிற போன் அவளுடையது இல்லை என்று எனக்குத் தெரியுமே.

ஜூலை 17, புதன்

வழி கிடைத்தது. சாவியைப் போனில் வைக்க வேண்டாம். அவரவர் மனதில் இருக்கும் ஒரு ரகசிய வாக்கியத்தால் சாவியைச் சுற்றிக் கட்டி, கட்டிய பொட்டலத்தைச் சர்வரிலேயே வைத்துவிடலாம். எந்தப் போனில் வந்தாலும் வாக்கியத்தைச் சொன்னால் பொட்டலம் அவிழும். வாக்கியம் தெரியாமல் சர்வரால் அவிழ்க்க முடியாது. போனில் ஒன்றும் மிஞ்சாது, தாராளமாக அழித்துக்கொள்ளலாம்.

சண்முகத்தாய் அக்காவிடம் போனில் சொல்லி, நான்கு வார்த்தைக்குக் குறையாமல் ஒன்று யோசிக்கச் சொன்னோம். மாமியார் பேரையே வைத்துக்கொள்கிறேன், தினமும் திட்டுவதால் மறக்கவே மறக்காது என்றார். “உன் மாமியா பேரு மில்லுக்கே தெரியும்டி, வேற சொல்லு” என்றார் ரெஜினா அக்கா. பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஜூலை 18, வியாழன்

வாக்கியத்தை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பிரச்சினை இருக்கிறது. ஷிப்ட் மாறி மாறித் தூக்கமில்லாமல் இருப்பவர்கள். மறப்பார்கள். மறந்தால் அவர்கள் எழுதியது எல்லாம் நிரந்தரமாகப் போய்விடும். அவர்களுக்காக ஒரு ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு உரையாடலும் இரண்டு சாவிக்குத் திறக்கும்: எழுதுகிறவள் சாவி, அக்காவின் சாவி. மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன். அது ஒரு பென்டிரைவில் இருக்கிறது. பென்டிரைவ் என் பையில் இருக்கிறது. மறந்துவிடுகிறவர்களுக்காக மட்டும்.

முன்பக்க வேலைக் குறிப்பில் இதை எழுத இடம் போதவில்லை. அப்புறம் எழுதுகிறேன்.

ஜூலை 19, வெள்ளி

பதினேழு பேர் வாக்கியம் வைத்துவிட்டார்கள். யாரும் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது சாவி சரியாக வேலை செய்கிறதா என்று மூன்றரை மணிக்குச் சோதித்தேன். செய்கிறது. வரும் வாரம் மைனாவுக்கு நைட் ஷிப்ட்.

ஜூலை 21, ஞாயிறு

தங்கை சோதி பேசினாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் கிடைக்கும். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாள். வேலை எப்படி என்றேன், எப்போதும் போலத்தான் என்றாள். என் ஆபீஸில் ஏசி ரொம்பக் குளிருமா, சால்வை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டாள். எல்லாம் நன்றாக இருப்பது போலவே அவள் பேசியதை என்னால் தாங்க முடியவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்ல ஒரு வாசல் திறந்துவிட்டால் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

“நாளையிலேருந்து நைட்டா?” என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ வாளி உருட்டுவது கேட்டது.

“ஒனக்கு யாருக்கா சொன்னா?”

“சும்மா கேட்டேன். மாசத்துல ஒரு வாரம் வருமுல்ல.”

“இது என் முறை இல்ல. போன வாரம்தான் மாத்திப் போட்டாரு. நான் வீட்டுக்குச் சொல்லல. ஒருத்தருக்கும் சொல்லல.” பிறகு, “ஒருத்தருகிட்டதான் சொன்னேன்” என்றாள். அது தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது.

வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 22, திங்கள்

மைனா வரவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

வரவில்லை. எறும்பு மாதிரி மேலும் கீழும் போய்வருகிறேன் என்று உரக்கடைக்காரர் சொன்னார். கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றித் துடைத்தேன். திரும்ப மாட்டும்போது ஒன்று மிஞ்சியது. எங்கே என்று தேட அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் நன்றாக இருந்தது.

ஜூலை 24, புதன்

அக்கா அந்தப் பெயரைத் திறந்து திறந்து பார்க்கிறார். நான் என் திரையைப் பார்ப்பது போல அவர் திரையின் பிரதிபலிப்பை ஜன்னல் கண்ணாடியில் பார்க்கிறேன். நைட் ஷிப்ட் மூன்றாவது நாள். மெஷின் நடுவே அந்த ஆள் இருக்கிறான். அவள் பேசுவதற்கு இருந்த ஒரே இடத்தை நான் அடைத்துவிட்டேன். மூடுவதற்கு எனக்கு ஒரு பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. போனில் கேட்ட ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

ஜூலை 25, வியாழன்

காலையில் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. பெயர் எதுவும் சொல்லவில்லை. ஒரு பெண் என்று மட்டும் சொன்னார். மூன்றாவது சாவி வருவதற்கு முன்னால், அவள் அந்தச் சூப்பர்வைசர் மேல் எழுத்தில் புகார் கொடுக்கச் சம்மதித்திருந்தாள். அவள் முதலில் கையெழுத்துப் போட்டால் பின்னால் போட ஐந்து பேர் இருக்கிறார்கள். அவள் போடாவிட்டால் ஒருத்தியும் போட மாட்டாள். மனு தயாராக இருக்கிறது. நான்கு நாளாக அவளைக் காணவில்லை.

பத்தரை மணிக்கு அக்காவின் கணினியில் மணி அடித்தது. படித்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார். இந்த ஆபீஸில் என்னிடம் பேச அவர் நாற்காலியைத் திருப்பியதில்லை, அப்படியே பேசுவார்.

“காளி, அந்தப் புள்ள கேக்குது. நான் எழுதுறத ஒங்களத் தவிர வேற யாராச்சும் படிக்க முடியுமான்னு. எனக்கு இந்தப் பூட்டுச் சமாச்சாரமெல்லாம் தெரியாது. நீ சொல்றதத்தான் நான் அதுக்குச் சொல்லணும். முடியுமா?”

பென்டிரைவ் என் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது.

“முடியாதுக்கா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

இந்த முறை தலையை ஆட்டித் தப்பிக்கவில்லை. வாயைத் திறந்து சொன்னேன்.

அக்கா திரும்பிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். இரண்டு விரலால்தான் தட்டுவார். மதியம் அவர் சாப்பிடப் போனபோது பென்டிரைவைச் செருகினேன். யாரும் படிக்க முடியாது என்று சொல்லப்பட்ட வாக்கியத்தை நான் படித்தேன்.

“முடியாது தாயி. இதைச் செஞ்சது எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு. அதிகம் பேச மாட்டா. ஆனா அவ சொன்னா சொன்னதுதான். நான் அவளை நம்புறேன், நீ என்னை நம்பு.”

கீழே மைனா:

“சரிக்கா. எங்க அக்காவுக்கு எப்பிடியோ தெரிஞ்சுபோச்சோன்னு பயந்துட்டேன். இங்க இருந்துதான் போச்சோன்னு நெனச்சேன். மன்னிச்சுக்கங்க. நாளைக்கு நைட் முடிஞ்சு வந்து எல்லாத்தையும் எழுதுறேன். என் பேரும் சொல்றேன்.”

மன்னிப்பு அவள் கேட்டிருக்கிறாள்.

ஜூலை 26, வெள்ளி

ஏழு மணிக்கே வந்து உரக்கடைக்காரரிடம் மாடிச் சாவியை வாங்கினேன். நைட் ஷிப்ட் ஆறு மணிக்கு முடியும். குளித்து, சாப்பிட்டு, போனுக்கு வரிசையில் நின்று அவள் எழுத வருவதற்கு ஒன்பது, பத்து ஆகும். அதற்குள் முடிக்க வேண்டும்.

நிரலிலிருந்து மூன்றாவது சாவியைச் சேர்க்கும் வரிகளை எடுத்தேன். சேர்க்கும்போது பதினோரு வரி. எடுக்கும்போது இரண்டு இடத்தில் வேறு எதுவோ உடைந்தது. ஒவ்வொரு உரையாடலிலும் அந்தச் சாவிக்கென்று ஒட்டியிருந்த பிரதிகளை அழித்தேன். அழித்ததைத் திரும்ப எடுக்கக்கூடிய நகல் ஒன்று இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அதை வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் ஏதாவது செய்துவிட்டால், அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், யாருக்கு முதலில் தெரிய வேண்டும்? எனக்குத்தானே? பிறகு அதையும் அழித்தேன். எல்லா உரையாடலுக்கும் புதுப் பூட்டு வரும்படி செய்தேன்.

கீழே போய் உரக்கடைக்காரரிடம் சுத்தியல் கேட்டேன். பென்டிரைவை நடைபாதைக் கல்லில் வைத்து உடைத்தேன். எதற்கம்மா என்றார். வைரஸ் என்றேன். அப்படியென்றால் இன்னும் இரண்டு அடி போடு என்றார்.

அக்கா ஒன்பதரைக்கு வந்தார். பத்து இருபதுக்கு மணி அடித்தது.

அக்கா படித்துக்கொண்டே இருந்தார். மணி திரும்பத் திரும்ப அடித்தது. டீ வந்தது, ஆறிப்போனது. ஒரு இடத்தில் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். ஒரு இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் பார்த்தார். உடனே திரும்பிக்கொண்டார். நான் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். பூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க. இந்தத் தடவை உண்மையிலேயே அதற்குத்தான். எண்ணும் எழுத்தும் குறியும் கலந்து வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் எந்த வரியில் என் தங்கை அழுகிறாள், எந்த வரியில் என்னைப் பற்றிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் தடவையாக வேலையைச் சரியாகச் செய்திருக்கிறேன்.

ஜூலை 27, சனி

ரெஜினா அக்கா,

இனிமேல் எழுதுவது உங்களுக்கு. இதுவரை எழுதியதையும் நீங்கள் படிக்க வேண்டும். நோட்டை உங்கள் மேசையில் வைக்கிறேன். இன்று சாயங்காலம் நீங்கள் கிளம்புவதற்குள் படித்துவிடுங்கள். எதிரே நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மைனா யார் என்று நேற்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். ஊர்ப் பெயரும் சொல்லியிருந்தால், நீங்கள் நேற்று ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. சொல்லாவிட்டால், நான் சொல்கிறேன். அவள் என் தங்கை.

வியாழக்கிழமை நீங்கள் கேட்டபோது ‘முடியாது’ என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யை நீங்கள் உங்கள் பெயரில் அவளுக்குக் கொடுத்தீர்கள். அதை நம்பித்தான் அவள் நேற்று எழுதினாள். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அது பொய் இல்லை. நேற்று அவள் எழுதியதை உங்களைத் தவிர ஒருவரும் படிக்கவில்லை, படிக்கவும் முடியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நிரல் தெரிந்த யாரையாவது, என்னைத் தெரியாத ஒருவரை, கூட்டிவந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று முன்பக்கத்தில் விவரமாக எழுதியிருக்கிறேன். சர்வர் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி. அதைப் பற்றி எழுத வரவில்லை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பார்வையாளர் நேரத்தில் மனுவை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போகப்போவதாக நேற்று சொன்னீர்கள். அவள் கையெழுத்துப் போடப் போகிறாள். அவளைப் பார்த்து மற்ற ஐந்து பேரும். தான் சொன்னது வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டு அவள் போடக்கூடாது. முதலில் தெரிந்துகொள்ளட்டும். அதன் பிறகு பேனாவை எடுப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். அவள் போடாமல் போய்விடலாம். அப்படிப் போனால் ஐந்து பேரும் போவார்கள், அந்த ஆள் அதே இடத்தில் இருப்பான். இது எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம். என் வாயால் தெரியட்டும்.

இத்தனை பக்கத்திலும் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அவளிடம் சொல்லி முடித்ததும், அக்கா தங்கைக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள். அந்த நேரத்தில் அவளுக்குப் பேச ஒரு ஆள் வேண்டும். அது நானாக இருக்க முடியாது.